முன்னோர் பெயர் தேடி: மலையகக் குடும்பங்களின் வம்சாவளியை ஏடுகளிலும் நூலகங்களிலும் காணும் வழி

அம்பாளின் திருவருளை முன்னிட்டு வெளிவரும் இவ்வாண்டு மலருக்கு அடியார்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை எழுதித் தருமாறு பரிபாலன சபையினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். தலபுராணமும் விரத மகிமையும் எழுதுவதற்கு என்னிலும் கற்றவர்கள் இருக்கின்றார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இலிகிதராக இருந்து கோவைகளுடனும் பதிவேடுகளுடனும் காலங்கழித்த எனக்குத் தெரிந்தது ஏடுகளைப் பற்றித்தான். ஆகவே அதையே எழுதுகின்றேன்.

ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய அமரும் ஒருவரிடம் குருக்கள் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்பது வழக்கம். தந்தையின் பெயரை எவரும் உரக்கச் சொல்லுவர். பாட்டனின் பெயர் சற்றுத் தாமதித்து வரும். பூட்டன் என்றதும் பெரும்பாலானோர் பக்கத்தில் நிற்கும் அண்ணனையோ சித்தப்பாவையோ திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கிரியை நடந்துவிடும், அதற்கும் சாஸ்திரத்தில் வழியிருக்கின்றது. ஆயினும் எள்ளும் நீரும் இறைத்துவிட்டு எழுந்து செல்பவரின் மனதில் ஒரு குறை நிற்கத்தான் செய்கின்றது.

இது மறதியினால் வந்த குறையன்று. எமது முன்னோர் இந்நாட்டுக்கு வந்த விதத்திலேயே அதன் காரணம் இருக்கின்றது. அக்காரணத்தை விளங்கிக் கொண்டால் எங்கே தேடவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பெயரில்லாமல் வந்தவர்கள்

1860 முதல் 1911 வரை தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய இந்தியர்கள் 152,184 பேர். இந்தத் தொகை ஒற்றை எண் வரை தெரிந்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் எழுதப்பட்டதேயாகும். ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா முதலியன அதில் உண்டு. மொரிசியஸ் தீவுக்கு 1834 தொடக்கம் சென்றவர்களுக்கும் ஆளுக்கொரு எண் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்தார்கள். அந்த ஏடுகள் இன்று அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ள ஒருவர் தமது பூட்டனின் எண்ணைச் சொன்னால் ஊரின் பெயர் வந்துவிடும்.

இலங்கைக்கு வந்தவர்களின் நிலை வேறு. இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்லர், தாமாக விரும்பி வந்தவர்கள் என்று வெள்ளைக்காரர் எழுதிக் கொண்டனர். தாமாக வருபவனுக்கு ஒப்பந்தம் எதற்கு, பட்டியல் எதற்கு? கங்காணி ஊருக்குச் சென்று முற்பணம் கொடுத்து உறவினரையும் ஊராரையும் கூட்டிவந்தார். துறைமுகத்தில் தலையை எண்ணினார்கள், பெயரை எழுதவில்லை. பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் கங்காணியின் கடன் கணக்குப் புத்தகம். அது கங்காணியின் வீட்டுச் சொத்து. அவர் காலமானதும் அடுப்பிலோ கறையானிடமோ போயிற்று.

அதனால்தான் எமது வம்சாவளியை ஒரே பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. வேறு காரியங்களுக்காக வேறு யாரோ எழுதிய ஏடுகளில், ஒரு மூலையில் எமது பெயர் இருக்கும். சம்பளம் கொடுப்பதற்கு ஒன்று, கடன் அறவிடுவதற்கு ஒன்று, பிரஜாவுரிமையை மறுப்பதற்கு ஒன்று. அந்த மூலைகளைத் தேடிப் பிடிப்பதே வேலை.

வந்த வழியை வைத்துக் காலத்தைக் கணிப்பது

முதலில் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்கவேண்டும். கேட்கும்போது “எந்த ஆண்டு வந்தார்கள்?” என்று கேட்டால் பதில் கிடையாது. “எப்படி வந்தார்களாம்?” என்று கேட்டுப் பாருங்கள். அப்பாயியோ அம்மாயியோ சொல்லும் ஒரு சொல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு காலத்தைப் பெறலாம்.

தோணியில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தார்கள், வழியில் வாந்திபேதியில் ஆட்களை விட்டுவிட்டு வந்தார்கள் என்று சொன்னால் அது பெரும்பாலும் கோப்பிக் காலத்துக் கதை. தம்புள்ளை, நாலந்தை வழியாக வந்த அந்த வடக்குப் பாதை முடிவுற்ற இடம் எமது மாத்தளைதான். அக்காலத்தில் மலைநாட்டின் வாசல் இதுவே. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் ஏலமும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கால்நடைப் பாதையும் கைவிடப்பட்டது. 2023ஆம் ஆண்டு மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது இதன் நினைவாகத்தான்.

தட்டப்பாறை என்ற சொல் வந்தால் அவர்கள் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் கொழும்புக்கு வந்து, றாகம முகாமில் தங்கி, பின்பு புகையிரதம் ஏறியவர்கள். மண்டபம் முகாம், தனுஷ்கோடி என்று சொன்னால் அதற்கும் பிற்பட்டவர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் சேவை 1914இல் ஆரம்பமாயிற்று. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதியுடன் இந்திய அரசாங்கம் உடலுழைப்பாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. ஆகவே மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டு வந்த கதை பெரும்பாலும் இந்த 25 ஆண்டுகளுக்குள் நடந்ததாகக் கொள்ளலாம்.

தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த கதையைச் சிலர் கேட்டிருப்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட முறை அது. அந்தத் தகரத்தில் மாவட்டத்துக்கான எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த வீட்டிலாவது பழைய தகர வில்லை ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து தோட்டத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தமிழ் வருடப் பெயர்களும் உதவும், ஆனால் கவனம் வேண்டும். “தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்கள்” என்றால் 1876, 1877 காலம். அதே தாது வருடம் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்தது. அறுபது ஆண்டுச் சுற்றாதலால் கல்லறையிலோ விளக்கிலோ தமிழ் வருடம் மட்டும் இருக்குமாயின் அது எந்தச் சுற்று என்பதை வேறு அடையாளங்களைக் கொண்டு தீர்மானிக்கவேண்டும்.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் கடதாசிகள்

எமது லயங்களில் டிரங்குப் பெட்டி இல்லாத வீடு இல்லை. அதன் அடியில் சீலைத் துண்டில் சுற்றிய கடதாசிகள் இருக்கும். படிக்கத் தெரியாத முதியோர் அவற்றை ஏன் இவ்வளவு காலம் காத்தார்கள் என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. காரணத்தைச் சொல்லுகின்றேன்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எமது மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கோரி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எதைக்கொண்டு நிரூபிப்பது? பிறப்புப் பதிவு, தோட்டத்து செக்ரோலின் பிரதி, துரையின் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்று, எல்லாம் கடதாசிதான். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 134,000 பேர். ஒரு துண்டுக் கடதாசி இருந்த குடும்பம் இங்கே தங்கிற்று, இல்லாத குடும்பம் பின்னொரு நாள் கப்பலேறிற்று என்று சொன்னால் அது மிகையன்று. அதைக் கண்ணால் கண்டவர்கள்தான் அந்த டிரங்குப் பெட்டியைப் பூட்டி வைத்தவர்கள்.

அந்த விண்ணப்பங்களின் பிரதி வீட்டில் இருக்குமாயின் வம்சாவளி தேடுபவருக்கு அது புதையல். விண்ணப்பிப்பவரின் தாய் தகப்பன், மனைவி மக்கள், குடியிருந்த தோட்டங்கள், காலம் எல்லாம் வரிசையாக அதில் வரும். இதேபோன்று 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியா செல்லும் குடும்பங்களுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் மூலம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கிடைத்தன. அந்தக் குடும்ப அட்டையில் ஒரு வீட்டிலிருந்த அத்தனை பேரும் இருப்பார்கள். அட்டை இப்போது நீலகிரியிலோ கூடலூரிலோ உள்ள சித்தப்பா வீட்டில் இருக்கலாம். கடிதம் எழுதிக் கேளுங்கள், தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய பற்றுச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதி அட்டை, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், மொய்ப் புத்தகம், படத்தின் பின்புறம் எழுதியுள்ள பெயர் எதையும் வீசக்கூடாது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இரு பக்கத்துப் பாட்டன்மாரின் பெயரும் ஒரே இடத்தில் வரும்.

பதிவாளரிடம் தேடுவது

இலங்கையில் 1867 முதல் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு சட்டப்படி நடக்கின்றது. தோட்டங்களில் நிகழும் பிறப்பு இறப்புகளைத் தோட்டத்துரை அறிவிக்க வேண்டும் என்பது பழைய காலந்தொட்டு உள்ள ஏற்பாடு. ஆகவே தோட்டத்தில் பிறந்தவருக்குப் பதிவே இருக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக்கூடாது. பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேடுவதற்கான விண்ணப்பப் படிவம் உண்டு. அதில் மூன்று விடயங்கள் சரியாக இருந்தால் காரியம் பெரும்பாலும் கைகூடும்: தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, தகப்பனின் பெயர். பிள்ளையின் பெயர் நான்காவது இடத்தில்தான். பெயர் வைக்காமலே பல பிறப்புகள் பதியப்பட்டுள்ளன.

இங்கே ஒரு முக்கியமான விடயம். பெயரை எழுதியவர் ஆங்கிலம் படித்தவர், சொன்னவர் தமிழ் மட்டும் தெரிந்தவர். கருப்பன் என்பது ‘கார்பென்’ ஆயிற்று, இராமன் ‘ராமென்’ ஆனான், லெட்சுமி நான்கு விதமாக எழுதப்பட்டாள். ஒரே ஆளுக்குப் பிறப்புப் பதிவில் ஒரு பெயரும் செக்ரோலில் இன்னொரு பெயரும் அடையாள அட்டையில் மூன்றாவது பெயரும் இருப்பதுண்டு. இது வெறும் வேடிக்கை அல்ல. முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு தாய் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதை நான் உத்தியோக காலத்தில் அடிக்கடி கண்டிருக்கின்றேன். வம்சாவளி தேடுபவர்கள் கிடைத்த பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பென்ஷனுக்கும் உதவும், வீட்டு உறுதிக்கும் உதவும்.

பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் எமது வழக்கத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பெரியசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் பெரியசாமி என்று மாறி மாறி வரும். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிவிடுவோம்.

செக்ரோலைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரட்டுக் களத்தில் பேர் பதிந்த அந்த நீளப் புத்தகத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே தம் சொந்தப் பெயரில் இருப்பர். மற்ற ஏடுகளிலெல்லாம் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மறைந்துவிடும் எமது பாட்டிமார் செக்ரோலில் மட்டும் தமது உழைப்பின் பெயரால் நிற்கின்றார்கள். தாய்வழி வம்சத்தைத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல ஏடு கிடையாது. துரதிர்ஷ்டவசமாகத் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசாங்கத்தின் கைக்கும், 1992இல் கம்பனிகளின் முகாமைக்கும் மாறிய காலங்களில் இவற்றைப் பேணுவார் இல்லாமற் போயினர். நான் அறிந்த ஒரு தோட்டத்தில் பழைய செக்ரோல்களைக் கடலை சுற்றுவதற்கு நிறுத்துக் கொடுத்தார்கள். எஞ்சியுள்ளவை எங்காவது தோட்டத்து ஸ்டோரின் மேற்தட்டில் இருக்கக்கூடும். அங்கு வேலைசெய்யும் எமது பிள்ளைகள் கண்ணில் பட்டால் காப்பாற்ற வேண்டும்.

நூலகத்தில் என்ன பார்ப்பது

பெயரையும் தோட்டத்தையும் ஓரளவு அறிந்த பின்னர்தான் நூலகத்துக்குப் போகவேண்டும். வெறுங்கையோடு போனால் நூலகரும் என்ன எடுத்துத் தருவதென்று தெரியாமல் நிற்பார். இங்கிருந்து பஸ் ஏறி மாத்தளைப் பொது நூலகத்துக்குப் போவது முதற்படி. அதற்கு மேல் கண்டியில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம், பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய நூலகம் ஆகியன உண்டு.

கேட்டுப் பார்க்கவேண்டிய நூல்களில் முதலாவது பெர்குசன் வெளியிட்ட இலங்கை டிரக்டரி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீண்ட காலம் வெளிவந்த அந்தத் தடித்த புத்தகத்தில் தோட்டங்கள் மாவட்ட வாரியாக இருக்கும். மாத்தளை கிழக்கு, லக்கல, நக்கிள்ஸ் என்ற தலைப்புகளின் கீழ் எம் பக்கத்துத் தோட்டங்களைத் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், துரை யார், என்ன பயிர் என்பன தரப்பட்டிருக்கும். தொழிலாளியின் பெயர் இராது. பின் ஏன் பார்க்கவேண்டும் என்றால், பழைய தோட்டங்கள் பல பிற்காலத்தில் வேறு தோட்டங்களோடு சேர்க்கப்பட்டுப் பெயரை இழந்துவிட்டன. தாத்தாவின் பிறப்புப் பதிவில் உள்ள தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லை என்றால், பத்துப் பத்து ஆண்டு இடைவெளியில் டிரக்டரியைப் புரட்டினால் அது எந்தத் தோட்டத்துக்குள் போயிற்று என்பது தெரியவரும். எமது மக்கள் தோட்டங்களை அழைக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, கடதாசியில் உள்ள ஆங்கிலப் பெயர் இன்னொன்று. இரண்டையும் அறிந்த முதியவர் ஒருவரை முதலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இரண்டாவது, கண்டியில் நீதிபதியாக இருந்த ஏ. சி. லோறி என்பவர் எழுதி 1896, 1898ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த மத்திய மாகாண விவரண நூல். மாத்தளை மாவட்டத்துக் கிராமங்களும் அகர வரிசையில் அதில் உண்டு. சிங்களக் கிராமங்களையே பிரதானமாகக் கூறுவது. எமக்கு அயலிலுள்ள சிங்களச் சகோதரர்களின் ஊர்களின் பழைமையை அறியவும், எமது தோட்டம் எந்தக் கிராமத்துக் காணியில் எழுந்தது என்று அறியவும் அதைப் பார்க்கவேண்டும்.

குடிசன மதிப்பு அறிக்கைகள் 1871 தொடக்கம் உள்ளன. அவை எண்களைத் தரும், பெயர்களைத் தரா. ஆளைத் தேடுபவர் அதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

வாக்காளர் இடாப்பு அப்படியல்ல. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்த பின்னர் தோட்டத்து மக்களும் இடாப்பில் ஏறினார்கள். 1949க்குப் பிறகு பெரும்பாலான பெயர்கள் வெட்டப்பட்டன. ஒரு தோட்டத்தின் 1940களின் இடாப்பையும் 1950களின் இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு நாடற்றவர் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர்தான் அந்தக் குடும்பங்களிற் பலவற்றின் பெயர் திரும்பவும் இடாப்பில் ஏறியது.

இவை யாவும் உள்ள பெரிய களஞ்சியம் கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களம். அரசாங்க வர்த்தமானிகள், நிர்வாக அறிக்கைகள், பழைய பத்திரிகைகள் அங்குள்ளன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அவற்றின் மரண அறிவித்தல்களில் பெரிய கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார் குடும்பங்களைப் பற்றிய செய்தி கிடைக்கும். திணைக்களத்தின் கிளை கண்டியிலும் உண்டு. கச்சேரி ஏடுகளைத் தேடுபவர் முதலில் அங்கே விசாரிக்கலாம். அடையாள அட்டையுடன், பேனைக்குப் பதில் பென்சில் கொண்டு செல்லவும். பழைய தாளில் மை படக்கூடாது என்பதால் வாசிப்பறைகளில் பேனையை விரும்பமாட்டார்கள். ஒரு நாளில் எல்லாம் கிடைக்கும் என்று எண்ணிப் பிள்ளைகுட்டியோடு போகவேண்டாம்.

கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலே 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கும் ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம். கொழும்புக்கோ கண்டிக்கோ போக முடியாதவர்களுக்கு, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கின்றது. இலங்கைத் தமிழரின் நூல்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள் ஆயிரக்கணக்கில் படமெடுத்துப் போட்டிருக்கின்றார்கள். வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம், காசு கிடையாது.

கடலுக்கு அப்பால் உள்ள ஊர்

ஏட்டில் ஊரின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று மகிழலாம், மீதிப் பாதிதான் கடினம். பழைய கடதாசியில் உள்ள ஜில்லா இன்று அதே பெயரில் இராது. திருச்சி ஜில்லா பெரம்பலூர் என்றிருந்தால் பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. சேலம் ஜில்லா நாமக்கல் 1997இல் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், 1974இல்தான் மாவட்டமாயிற்று. எனவே தாலுகாவின் பெயரையும் பக்கத்து ஊர், ஆறு, மலை, சந்தை கூடும் இடம் ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேடவேண்டும்.

எமது அடியார் ஒருவருக்கு அண்மையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது குலதெய்வம் எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. தகப்பனாரின் பிறப்புப் பதிவிலிருந்து பாட்டனின் பெயரும் தோட்டமும் கிடைத்தன. பாட்டனின் பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதி பெரியப்பா வீட்டில் இருந்தது. அதில் தாலுகாவும் ஊரும் இருந்தன. ஆனால் அதே தாலுகாவில் அதே பெயரில் இரண்டு ஊர். எந்த நூலகத்திலும் இதற்கு விடை இல்லை. 1970களில் கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய அத்தை ஒருவர் தொண்ணூறு வயதில் உயிரோடு இருந்தார். “ஊருக்குப் போற வழியில ஆத்துக்கு அந்தப்பக்கம் இறங்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு” என்று அவர் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தையால் ஊர் தெளிவாயிற்று. அடுத்த மாதமே அந்த அத்தை காலமானார்.

ஹரித்துவாரத்தில் யாத்திரிகரின் குடும்ப வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் நீண்ட சுவடிகளில் எழுதி வருகின்றார்கள். குடும்பத்தில் ஒருவர் அஸ்தி கரைக்கச் சென்றால் முன்பு வந்த பாட்டனின் கையெழுத்தையே காட்டுவார்களாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வம்சாவளிச் சங்கத்தார் அவற்றைப் படச்சுருளில் எடுத்து வைத்துள்ளனர். எமது குடும்பங்களுக்கு அப்படி ஒரு பண்டா இல்லை. ஆனால் கோயில் இருக்கின்றது.

கோயிலில் உள்ள ஏடு

இதுவரை சொன்ன ஏடுகளெல்லாம் மற்றவர்கள் தங்கள் தேவைக்கு எழுதியவை. எமது மக்கள் தாமாகவே, தம் கைப்பட, தம் மொழியில் தம் பெயரை எழுதி வைத்த இடம் ஒன்றுண்டு. அது கோயில்தான். திருவிழா உபயகாரர் பட்டியல், சந்தாப் புத்தகம், கும்பாபிஷேக நோட்டீஸ், குத்துவிளக்கின் அடியிலும் மணியின் விளிம்பிலும் ‘உபயம்’ என்று வெட்டிய பெயர், காமன் கூத்தில் யார் எந்த வேஷம் கட்டினார் என்ற குறிப்பு, இவையெல்லாம் வம்சாவளி ஏடுகளே. கார்பென் என்று கடதாசியில் நிற்கும் மனிதர் கோயில் விளக்கில் கருப்பன் என்றே நிற்கின்றார்.

இப்படிப்பட்டவற்றை அற்பமென்று எண்ணக்கூடாது. தமிழ்நாட்டில் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரம்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உள்ளது. மறுபுறம், 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் போயின. கட்டிடம் திரும்ப எழுந்தது, அந்தச் சுவடிகள் எழவில்லை. 1983 ஜூலையில் எமது மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்கிரையானதை நாமறிவோம். ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருப்பது ஆபத்து.

வம்சாவளி தேடுவது சாதிப் பெருமை பேசுவதற்கு என்று சிலர் கருதுகின்றார்கள். அதற்காகத் தேடுபவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடன் துண்டோடு தோட்டம் தோட்டமாக மாறிய முன்னோரின் கதையில் வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வீட்டில் துண்டு கிடைத்தால் அதிலுள்ள தொகையைப் பார்த்து மனம் வருந்தாமல் பெயரையும் தோட்டத்தையும் பாருங்கள்.

பரிபாலன சபையின் தீர்மானப்படி ஆலயத்தில் குடும்ப இடாப்பு ஒன்று தொடங்கப்படுகின்றது. கெட்டி அட்டைப் புத்தகம், குடும்பத்துக்கு இரண்டு பக்கம். தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களுடன் தாய், பாட்டி, பூட்டி பெயர்களும் அதே அளவு இடத்தில் எழுதப்படும். தெரிந்த தோட்டங்கள், வந்த வழி, ஊர், குலதெய்வம், இந்தியா சென்ற உறவினர் இருக்கும் இடம் ஆகியனவும் சேரும். யார் சொன்னது, எந்தக் கடதாசியில் கண்டது என்பதை ஒவ்வொரு வரியின் எதிரிலும் குறிக்க வேண்டும். தெரியாத இடத்தை வெறுமையாக விடலாம், ஊகித்து எழுதக்கூடாது. மூலக் கடதாசிகளை ஆலயத்தில் ஒப்படைக்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். ஒரு குடும்பத்தின் பக்கத்தை அக்குடும்பத்தார் சம்மதமின்றி மற்றவருக்குக் காட்டமாட்டோம்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பின்னர் மண்டபத்தின் தெற்குப் பக்கத்தில் நான் இருப்பேன். நடக்க முடியாத முதியோர் இருக்கும் வீடுகளுக்கு இளைஞர்கள் இருவருடன் நாங்களே வருவோம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். இந்த மலரின் பிரதிகளை அச்சகத்தார் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்புவர். மாத்தளைப் பொது நூலகத்துக்கு இரண்டு பிரதிகளும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் சபையின் செலவில் அனுப்பப்படும். முந்திய ஆண்டுகளின் மலர்களில் சிலவற்றுக்கு எம்மிடம் ஒரு பிரதிகூட இல்லை. எவர் வீட்டிலாவது இருக்குமாயின், அட்டை கிழிந்திருந்தாலும், கொண்டுவந்து தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.